பூந்திக்கொட்டை போட்டால் போதுமா?

கேள்வி, 2 மார்ச் 2024

டிடர்ஜென்ட்டை அடியோடு நிறுத்திவிட்டுப் பூந்திக்கொட்டைக்கு மாறி நாலு மாதம் ஆகிறது. துணி நன்றாக வெளுக்கிறது, அலசிய தண்ணீரைச் செடிக்கு விடுகிறோம், கெமிக்கல் என்ற பேச்சே இல்லை. எல்லா வீட்டிலும் செய்யலாமே, ஏன் யாரும் செய்வதில்லை? முயன்று பார்த்துத் தோற்றவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

2 மார்ச், இரவு

நான் தோற்றவள். கோயம்புத்தூர், வடவள்ளிப் பக்கம். வீட்டில் ஐந்து பேர், வாரத்துக்கு நாலு தடவை மெஷின் ஓடும். போன வருஷம் ரங்கே கவுடர் வீதியில் நாட்டு மருந்துக் கடையில் ஒரு கிலோ வாங்கி வந்தேன். கொட்டையைத் தட்டி எடுத்துவிட்டுத் தோலை மட்டும் ஆறு எண்ணிப் பழைய காலுறைக்குள் போட்டு முடிச்சுப் போட்டுத் துணியோடு மெஷினில் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. முதல் வாரம் ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன்.

மூன்றாவது வாரம் மகனின் பள்ளிச் சட்டைக் காலர் காட்டிக் கொடுத்தது. மாமாவின் வேட்டி பழைய சோற்றுத் தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது. அத்தை அதைக் கொடியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏன் அம்மிணி, வேட்டியக் காவி ஆக்கி மாமனச் சாமியாராக்கிப் போடலாம்னு இருக்கறயா?" என்றார். அன்றோடு காலுறையை அவிழ்த்துவிட்டேன்.

3 மார்ச்

நேற்று எழுதியதைப் படித்தால் பூந்திக்கொட்டை சுத்த ஏமாற்று என்பது போல இருக்கிறது. அப்படி இல்லை. தோலில் சபோனின் என்ற பொருள் இருக்கிறது, நுரைக்கும், எண்ணெய்ப் பசையை எடுக்கும். பொற்கொல்லர்கள் நகையை இதில்தான் தேய்த்துக் கழுவுவார்கள். என் பட்டுப்புடவைகளுக்கு இன்றும் இதுதான். பட்டு புரதம், காரம் பட்டால் சோர்ந்துவிடும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் காரம் இல்லை, லேசான புளிப்புத்தான். மேல்துண்டு, போர்வை, ஒருநாள் கட்டிய சேலை, இதற்கெல்லாம் தாராளமாகப் போதும். பள்ளிக்கூடப் பையனின் காலருக்குப் போதாது.

5 மார்ச்

காலுறையில் போட்டது தப்பு, வேகவைத்துச் சாறு எடுக்க வேண்டும் என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். அதையும் செய்தேன். முந்தின இரவே ஊறவைத்து, காலையில் கொதிக்கவிட்டு, பிசைந்து வடிகட்டினால் கெட்டியான பழுப்புச் சாறு வரும். காலுறையைவிட இது நன்றாகவே வேலை செய்தது, மறுக்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் புளித்து நாறும். ஃப்ரிட்ஜில் வைத்தேன். வீட்டுக்காரர் சுக்குக் கஷாயம் என்று நினைத்து டம்ளரில் ஊற்றிவிட்டார். வாயில் வைக்கும் முன் நுரையைப் பார்த்துச் சந்தேகப்பட்டதால் தப்பித்தார். இப்போது பாட்டிலில் சிவப்பு மையில் "துணிக்கு" என்று எழுதியிருக்கிறது.

9 மார்ச்

மதுரைக்காரர் ஒருவர் கேட்டிருந்தது நல்ல கேள்வி: "உங்களுக்கு வெளுக்காதது அவர்களுக்கு மட்டும் எப்படி வெளுக்கிறது?" இரண்டு நாள் யோசித்தேன். விடை என் வீட்டுக் குழாயில்தான் இருந்தது. இங்கே இரண்டு தண்ணீர். சமையலுக்குச் சிறுவாணி ஆற்றுக் குழாய்த் தண்ணீர். மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர், அதாவது உப்புத் தண்ணீர். மெஷின் இருப்பது போர் லைனில்.

இன்று காலை ஒரு காரியம் செய்தேன். காலியான ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு எடுத்து, ஒன்றில் பாதிக்குச் சிறுவாணி, இன்னொன்றில் பாதிக்குப் போர் தண்ணீர். மஞ்சள் பார் சோப்பைக் கத்தியால் சுரண்டிச் சுண்டைக்காய் அளவு இரண்டிலும் போட்டுக் குலுக்கினேன். சிறுவாணி பாட்டிலில் நுரை மூடிவரை ஏறி நின்றது, கால் மணி நேரம் கழித்தும் அப்படியே. போர் பாட்டிலில் நுரையே இல்லை. தண்ணீர் பால் கலந்தது போல வெளுத்து, மேலே திரிந்த பால் மாதிரித் திரித்திரியாக மிதந்தது. விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. சோப்புப் போட்டால் காலரில் படிவது இதுதான்.

சோப்பு என்பது எண்ணெயும் காரமும் சேர்ந்தது. தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் இருந்தால் சோப்பு முதலில் அவற்றோடு போய்க் கட்டிக்கொண்டு கசடாகிவிடும். மிச்சம் இருந்தால்தான் அழுக்குக்கு. டிடர்ஜென்ட் என்ற ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டி வந்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். பூந்திக்கொட்டைச் சாறு சோப்பு அளவுக்குத் திரிந்துபோவதில்லை. ஆனால் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பைச் சமாளிக்க அதில் ஒன்றும் கிடையாது. அழுக்கும் சுண்ணாம்பும் கைகோத்துக்கொண்டு மறுபடி துணியிலேயே உட்கார்ந்துவிடுகின்றன.

எந்தப் பவுடர், எந்த லிக்விட், எந்தக் கொட்டை என்று கேட்பதற்கு முன்னால் இந்த பாட்டிலைக் குலுக்கிப் பாருங்கள். காசு செலவில்லை.

9 மார்ச், கொஞ்சம் கழித்து

குலுக்கும்போது மூடியை இறுக்கிக்கொள்ளுங்கள். சமையலறைச் சுவர் இப்போது சுத்தமாக இருக்கிறது.

10 மார்ச்

குலுக்குவதெல்லாம் எதற்கு, டிடிஎஸ் மீட்டர் போதுமே என்று ஒருவர். நானும் நேற்று அவருக்கு "ஆமாம், அதுவும் சரி" என்று பதில் போட்டுவிட்டேன். தப்பு, திருத்திக்கொள்கிறேன். டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் கரைந்த எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும், சாப்பாட்டு உப்பு உட்பட. துணிக்குத் தொல்லை கொடுப்பது கால்சியமும் மெக்னீசியமும்தான். அதைத்தான் கடினத்தன்மை என்கிறோம். அடுக்ககங்களில் வைக்கும் சாஃப்ட்னர் கடினத்தன்மையை ஏறக்குறைய இல்லாமலே செய்துவிடும், டிடிஎஸ் எண் பெரிதாக அசையாது. ஏனென்றால் அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தைக் கொடுக்கிறது.

எங்கள் போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தேன். கடினத்தன்மை லிட்டருக்கு 780 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் 200 வரை நல்லது, வேறு வழி இல்லையென்றால் 600 வரை போகலாம். 780-ல் பூந்திக்கொட்டையைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

கேள்வி கேட்டவர் பாபநாசம் பக்கத்துக்காரராம், தாமிரபரணித் தண்ணீர். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

17 மார்ச்

கடினத் தண்ணீர் என்றதும் ஆளுக்கு ஒரு வைத்தியம். வாஷிங் சோடா போடு, வினிகர் விடு, இரண்டையும் போடு. இரண்டையும் போடு என்று சொன்னவரை நம்பிப் போட்டேன். பொங்கியது, பார்க்க அழகாக இருந்தது, அடங்கியது. துணி அப்படியே இருந்தது. புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்டால் வேலைக்கு யார் இருப்பார்கள்? எட்டாம் வகுப்புப் பாடம். மகன்தான் நினைவுபடுத்தினான்.

சோடா மட்டும் போட்டால் பலன் உண்டு. நம் முன்னோர் உவர்மண்ணில் துவைத்து வெள்ளாவி வைத்ததும் இதே காரத்தை வைத்துத்தான். சோடா கால்சியத்தைப் பிடித்துச் சுண்ணாம்பாக இறக்கிவிடும், ஆனால் இறங்கிய சுண்ணாம்பு எங்கேயும் போகாது. துண்டு சொரசொரவென்று ஆகும், மெஷின் ஹீட்டரில் வெள்ளையாகப் படியும். பாஸ்பேட் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. கால்சியத்தை இறக்காமல் தண்ணீரிலேயே பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் பல வருஷம் உலகம் முழுக்கப் பவுடர்களில் அதுதான் ராஜா. துணியைவிட்டுப் போன பாஸ்பேட் குளத்தில் போய் உரமாகிறது. பாசி பூக்கிறது, பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. இங்கே குளங்களில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடப்பதைப் பார்க்காத கோவைக்காரர் உண்டா? அதற்குச் சாக்கடைதான் முதல் காரணம், பவுடர் அந்தச் சாக்கடைக்குள் ஒரு பங்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2013 ஜூன் 30 முதல் வீட்டுத் துணிப் பவுடரில் ஒரு தடவைத் துவைப்புக்கு அரை கிராம் பாஸ்பரஸுக்கு மேல் கூடாது என்று வைத்துவிட்டது. இப்போது பாஸ்பேட்டுக்குப் பதில் ஜியோலைட், சிட்ரேட் என்று போடுகிறார்கள். பாக்கெட்டின் பின்பக்கம் இந்த இரண்டு பேரில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கம் இருக்கும் இலைப் படத்தால் ஒன்றும் தெரியாது.

2 ஏப்ரல்

"திருப்பூர்ச் சாயப்பட்டறை நொய்யலையே கொன்றது, நீங்கள் ஒரு கரண்டிப் பவுடருக்குக் கவலைப்படுகிறீர்கள்" என்று ஒருவர் கிண்டல். கிண்டலில் நியாயம் இருக்கிறது. 1992-ல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனதை இந்தப் பக்கத்தில் எல்லாரும் பார்த்தோம். 2011-ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. அதன் பக்கத்தில் என் கரண்டி ஒன்றுமில்லைதான்.

ஆனால் என் வீட்டுத் தண்ணீர் நொய்யலுக்குப் போகவில்லையே, கொல்லையில் இருக்கும் வாழைக்குத்தான் போகிறது. என் கவலை வாழை அளவுதான்.

21 ஏப்ரல்

வாழை அளவுக் கவலை என்று எழுதிய வாய் முகூர்த்தம். மூன்று கதலி, ஒரு நேந்திரன் இருக்கிறது. ஒரு மாதமாக இலை ஓரம் முழுக்கக் கருகி வருகிறது, யாரோ ஊதுபத்தியால் வரிசையாகச் சுட்டது போல. முதலில் வெயில் என்று நினைத்தேன். வெயிலாக இருந்தால் பக்கத்து வீட்டு வாழையும் கருகியிருக்க வேண்டும். குழியில் மண்வெட்டி வைத்தால் மேல்மண் ஓடு மாதிரிப் பெயர்கிறது. தண்ணீர் விட்டால் உள்ளே இறங்காமல் குளம் கட்டி நிற்கிறது.

தோட்டக்கலை படித்த உறவுக்காரப் பெண்ணிடம் போட்டோ அனுப்பினேன். "அத்தை, துணிக்கு என்ன போடறீங்க?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. பூந்திக்கொட்டைத் தோல்விக்குப் பிறகு நான் பெருமையாக மாறியிருந்தது வீட்டுத் தயாரிப்புக்கு: வாஷிங் சோடா, துருவிய பார் சோப்பு, கொஞ்சம் போராக்ஸ் (வெங்காரம்). "கெமிக்கல் இல்லாதது" என்று நாலு பேருக்குச் சொல்லியும் கொடுத்தேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீர் சேராத சோடாத் தூள் 100 கிராமில் 43 கிராம் சோடியம். ஒரு துவைப்புக்கு 50 கிராம், வாரத்துக்கு நாலு. வருஷத்துக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் சோடா, அதில் நாலரைக் கிலோ சோடியம், எல்லாம் நாலு வாழையின் காலடியில். சோடியம் ஏறினால் களிமண்ணின் கட்டு பிரிந்துவிடும், மண் இறுகித் தண்ணீர் இறங்காது. போராக்ஸில் இருக்கும் போரான் செடிக்குத் துளி வேண்டும், துளிக்கு மேல் போனால் விஷம். போர் தண்ணீரின் உப்பு ஏற்கெனவே இருக்கிறது. சாக்கடைக்குப் போகும் வீட்டில் இது ஒரு பிரச்சினையே இல்லை. செடிக்கு விடும் வீட்டில் இதுதான் பிரச்சினை.

ஆக, என் இயற்கைப் பவுடரைவிடக் கடைப் பவுடர் என் வாழைக்கு நல்லது என்று ஆகிறது, அதில் சோடா குறைவாக இருந்தால். இதை எழுதக் கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கிறது. நான் சொல்லிக் கொடுத்த நாலு பேரும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

22 ஏப்ரல்

வாழைக்கு என்ன வைத்தியம் என்று கேட்டவர்களுக்கு: ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். குழிக்கு இரண்டு கிலோ கொத்திவிட்டு நல்ல தண்ணீர் விடச் சொன்னாள் அந்தத் தோட்டக்கலைப் பெண். கால்சியம் உள்ளே போய்ச் சோடியத்தை வெளியே தள்ளுமாம். துணியில் எதிரி, மண்ணில் நண்பன்.

12 மே

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

கொல்லையில் கொசுவுக்காக ஒரு சிமெண்ட் தொட்டியில் கப்பி மீன் விட்டிருந்தோம். மகன் வளர்ப்பு, எண்பதுக்கு மேல் இருந்தது. போன ஞாயிறு பட்டுப்புடவைகளை அலசிய பூந்திக்கொட்டைத் தண்ணீரை வாளியோடு தொட்டி ஓரத்தில் வைத்திருந்தேன். துணி துவைக்க வரும் அக்கா, "நல்ல தண்ணிதானுங்க்கா, மருந்து ஒண்ணும் இல்லீங்களே?" என்று கேட்டுவிட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டார். நானும் தலையாட்டினேன். சாயங்காலம் பார்த்தால் எல்லாம் மேலே வெள்ளை வயிறு காட்டி மிதக்கின்றன. ஒன்றுகூட மிச்சமில்லை.

சபோனின் மீனின் செவுளைத் தாக்கும். குட்டையில் மீன் பிடிக்கச் சபோனின் உள்ள காயையும் பட்டையையும் இடித்துப் போடும் பழக்கம் பல நாடுகளில் இருந்திருக்கிறது. எனக்கு இது தெரியும், எங்கேயோ படித்திருந்தேன். வாளியை வைக்கும்போது நினைவுக்கு வரவில்லை. மண்ணில் ஊற்றினால் சீக்கிரம் மக்கிப்போகும், தோட்டத்துக்குப் பெரிய கெடுதல் இல்லை. குளம், கிணறு, தொட்டி பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

மகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அக்காவிடம் பேசினான்.

30 ஜூன்

பயோ என்சைம் பற்றிக் கேட்டவர்களுக்கு. ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு எலுமிச்சைத் தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம் புளிக்கவிட வேண்டும். மார்ச் கடைசியில் போட்டேன். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும். ஏப்ரலில் நாங்கள் ஊருக்குப் போன நாலு நாளில் பரண் மேல் இருந்த பாட்டில் வெடித்தது. எலுமிச்சைத் தோல் ஃபேன் இறக்கையில் ஒட்டியிருந்தது. தப்பிய இன்னொரு பாட்டிலை இப்போதுதான் திறந்தேன்.

தரை துடைக்க அருமை. குழாயில் படிந்த வெள்ளை உப்புக்கறைக்கு அதைவிட அருமை. துணிக்கு? லிட்மஸ் தாளை நனைத்தால் சிவக்கிறது. அதாவது இது பெரும்பாலும் நீர்த்த வினிகர். பேரில் என்சைம் இருப்பதால் பவுடரில் போடும் என்சைம் என்று நினைக்க வேண்டாம். பவுடரில் இருப்பது தேர்ந்தெடுத்து வளர்த்த நுண்ணுயிரிலிருந்து எடுத்தது: சோற்றுக் கஞ்சிக்கறைக்கு ஒன்று, ரத்தம், முட்டை, பால் கறைக்கு ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று என்று தனித்தனி. புரதத்தைத் தின்னும் என்சைம் பட்டுத்துணியையும் கம்பளியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், ஞாபகம். கடைசி அலசலில் இந்த எலுமிச்சைத் தண்ணீர் அரை டம்ளர் விட்டால் துண்டின் சொரசொரப்பு குறைகிறது. அந்த அளவுக்கு வாழட்டும்.

வாழைக்கறைக்கு மேற்சொன்ன எந்த என்சைமும் வேலை செய்யாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

1 ஜூலை

வாழைக்கறைக்கு வந்த பதில்கள்: எலுமிச்சை, மண்ணெண்ணெய், மோர், தேங்காய் எண்ணெய், "கறை பட்ட சட்டையைத் தோட்டத்துக்கென்றே ஒதுக்குவது". கடைசியைத் தேர்ந்தெடுத்தேன்.

6 அக்டோபர்

பாக்கெட் வாசகங்களைப் பற்றிக் கொஞ்சம். மூன்று மாதமாகக் கடையில் நின்று படித்துக்கொண்டிருக்கிறேன். கடைப்பையன் என்னை ஏதோ ஆபீசர் என்று நினைக்கிறான்.

"மக்கும் தன்மையுடையது." இதில் பொய் இல்லை, பெருமையும் இல்லை. சாதாரணப் பவுடரில் அழுக்கெடுக்கும் எல்ஏஎஸ் என்ற சரக்கும் காற்றோட்டம் உள்ள தண்ணீரில் மக்கக்கூடியதுதான். அதற்கு முன்னால் இருந்தது மூலக்கூறில் கிளைவிட்ட சங்கிலி கொண்ட ஒரு வகை. அது மக்காமல் 1950-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகள் நுரைத்தன. மேற்கு ஜெர்மனி 1961-ல் சட்டம் போட்டு 1964-ல் அதை ஒழித்தது, அமெரிக்கக் கம்பெனிகள் 1965-ல் மாறின. இப்போதைய நேர்சங்கிலிச் சரக்குக்கு வேண்டிய மூலப்பொருள் நம் சென்னை மணலியிலேயே தயாராகிறது. ஆனால் காற்று இல்லாத இடத்தில், செப்டிக் டேங்க் மாதிரி, எல்ஏஎஸ் சுலபமாக மக்காது. அதனால் கேட்க வேண்டியது மக்குமா என்பதல்ல. உங்கள் தண்ணீர் எங்கே போய் நிற்கிறது?

பெங்களூரு பெல்லந்தூர் ஏரி நுரைத்ததும் 2017-ல் தீப்பிடித்ததும், 2019 கடைசியில் மெரினா மணலில் நுரை ஒதுங்கியதும் ஞாபகம் இருக்கும். அங்கே போன பவுடரும் மக்கக்கூடியதுதான். மக்குவதற்குச் சுத்திகரிப்பு நிலையத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் அது ஏரிக்கும் கடலுக்கும் நேராகப் போய்விட்டது.

"தாவர மூலம்." தேங்காய் எண்ணெயோ பனை எண்ணெயோ. தாவரத்திலிருந்து செய்தாலும் முடிவில் வருவது அதே மாதிரி ஒரு சரக்கு.

"கெமிக்கல் இல்லாதது." பாக்கெட்டில் ஒன்றும் இல்லை என்று பொருள்.

அரசு முத்திரை ஒன்று உண்டு, எத்தனை பேருக்குத் தெரியும்? எக்கோமார்க். 1991-ல் வந்தது, மண்பானைச் சின்னம், சோப்பும் டிடர்ஜென்ட்டும் அதன் முதல் பட்டியலிலேயே இருந்தன. 2024 செப்டம்பரில்தான் அதற்குப் புது விதிகள் வந்தன. எங்கள் கடையில் பானைச் சின்னம் போட்ட பாக்கெட் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. பானை இருந்தது, அதில் மோர் விற்றார்கள்.

10 நவம்பர்

தீபாவளிக்கு வந்த மச்சினர் குடும்பத்தால் ஒரு பெரிய கண்டுபிடிப்பு. நாலு நாளும் மெஷின் ஓயவில்லை. அவர்கள் போன பிறகு, துவைத்துக் காயவைத்து மடித்து பீரோவில் இருந்த ஆறு துண்டுகளை எடுத்து, பவுடர் ஒரு சிட்டிகைகூடப் போடாமல், வெறும் தண்ணீரில் ஓடவிட்டேன். யாரோ மூன்று மாதம் முன்னால் செய்து பாருங்கள் என்று சொன்னது, சோம்பலில் தள்ளிப் போட்டிருந்தேன்.

ஸ்டூல் போட்டு மெஷின் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தேன். ஐந்தாவது நிமிஷம் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் குமிழ். பத்தாவது நிமிஷம் பாதிக் கண்ணாடி நுரை. பவுடரே போடவில்லை! "சுத்தமான" துண்டுக்குள் இத்தனை நாள் இருந்தது அது. வீட்டுக்காரருக்கு முதுகில் அரிப்பு, தோல் டாக்டர், களிம்பு என்று ஒரு வருஷமாகச் செலவு செய்கிறோம். அது இதனால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சந்தேகப்படாமலும் இருக்க முடியவில்லை.

காரணம் யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. நுரை வந்தால்தான் அழுக்குப் போகும் என்று நமக்கு ஊறிப்போயிருக்கிறது. ஃப்ரண்ட் லோட் மெஷினில் நுரை அதிகமானால் துணி ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அடிபடுவது குறைந்து, அழுக்கு போவதே குறையும். அக்காவிடம் சொன்னேன். "நொரையே இல்லாம எப்படீங்க்கா வெளுக்கும்?" என்றார். எட்டு மாதம் முன்னால் நான் கேட்டிருக்கக்கூடிய கேள்வி.

அன்றிலிருந்து போட்டதில் பாதிதான். காலருக்கு மட்டும் துவைகல்லில் பார் சோப்பும் சிறுவாணித் தண்ணீரும் வைத்து ஒரு தேய்ப்பு. வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை. அத்தைக்கும் தெரியவில்லை, அதுதான் பரீட்சை.

எட்டு மாதமாகக் கொட்டையா பவுடரா லிக்விடா என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தவள், எவ்வளவு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

8 டிசம்பர்

காகிதம் மாதிரித் தாள்தாளாக வரும் டிடர்ஜென்ட் பற்றிச் சென்னை அடுக்ககத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். பிளாஸ்டிக் பாட்டில் மிச்சம், சுமையும் இல்லை, அதெல்லாம் சரி. தாளாக நிற்க வைப்பது பெரும்பாலும் பாலிவினைல் ஆல்கஹால். தண்ணீரில் கரையும். கரைவது வேறு, மக்குவது வேறு. கரைந்த பிறகு எவ்வளவு மக்குகிறது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. மாத்திரை மாதிரி வரும் பாட்களின் தோலும் இதேதான். எங்கள் உப்புத் தண்ணீரில் ஒரு தாள் போதவில்லை, இரண்டு போட்டால் கட்டுபடியாகவில்லை. லாரித் தண்ணீரோ மெட்ரோ வாட்டரோ, எது வருகிறதோ அதில் முதலில் பாட்டிலைக் குலுக்குங்கள்.

லிக்விட் விஷயத்தில் என் குறை ஒன்றுதான். வாங்குவதில் பெரும்பகுதி தண்ணீர், அதைப் பிளாஸ்டிக்கில் அடைத்து லாரியில் ஏற்றி வருகிறார்கள். தண்ணீர் என் வீட்டிலேயே இருக்கிறது.

19 ஜனவரி 2025

பொங்கலுக்கு வீடு முழுக்கத் திரைச்சீலை, மெத்தை உறை எல்லாம் துவைத்தாயிற்று. "கடைசியாக நீங்கள் என்னதான் போடுகிறீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள்" என்று மூன்று பேர். சரி.

பாஸ்பேட் இல்லாத, ஜியோலைட் போட்ட, என்சைம் உள்ள சாதாரணப் பவுடர், பெரிய பாக்கெட். சின்னச் சாஷே வாங்குவதில்லை, அந்த உறையைப் பழைய பேப்பர்காரர்கூட எடுப்பதில்லை. முழு மெஷினுக்கு ஒரு கரண்டி, 35 கிராம். மெஷின் தானாக 40 டிகிரியில் நிற்கும், அதைக் குளிர்தண்ணீருக்கு மாற்றியிருக்கிறேன். துவைப்பதில் கரண்டைத் தின்பது தண்ணீரைச் சூடாக்குவதுதான். வெள்ளைச் சட்டைக்கு மாதம் ஒருமுறை வெந்நீரில் சோடியம் பெர்கார்பனேட் போட்டு ஊறவைத்து வெயிலில் காயப்போடுகிறேன். பட்டுக்குப் பூந்திக்கொட்டை. நீலம் அத்தையின் இலாகா, அதில் நான் தலையிடுவதில்லை.

தண்ணீர்: மெஷின் வெளியே விடும் குழாயில் T வடிவ இணைப்பு ஒன்று போட்டு இரண்டு வால்வு வைத்துக் கொடுத்தார் பிளம்பர். முதலில் வரும் அழுக்குத் தண்ணீர் சாக்கடைக்கு, அலசல் தண்ணீர் மட்டும் வாழைக்கு. வாளியில் பிடித்துப் பார்த்தேன், அலசல் மட்டும் பதினைந்து லிட்டர் வாளியில் இரண்டரை வருகிறது. வால்வைத் திருப்ப யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும், அதுதான் தொல்லை. மகன் போனில் அலாரம் வைத்திருக்கிறான். கப்பி மறுபடி விட்டாயிற்று, தொட்டிக்கு வலை மூடி.

கதலியில் இரண்டு தேறியது. புதுக் குருத்து ஓரம் கருகாமல் விரிந்திருக்கிறது. நேந்திரன் போய்விட்டது.

20 ஜனவரி

நேற்று எழுதிய 35 கிராம் தலை தட்டிய கரண்டிக்கு. அக்கா போடுவது குவித்த கரண்டி என்று இன்று காலைதான் பார்த்தேன். சமையலறைத் தராசில் வைத்தேன், 52. கரண்டியை மாற்றியாயிற்று.